தரைக்குள்ளிருந்து வந்த புகை

வணக்கம். 160 ஏக்கர் நிலம் கிட்டத்தட்ட இலவசம் என்று அரசாங்கமே சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? 1862 மே 20 அன்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அதைத்தான் சொன்னது. 21 வயது ஆனவரோ குடும்பத் தலைவரோ மொத்தம் 18 டாலர் கட்டணம் கட்டி, அந்த நிலத்தில் வீடு கட்டி, 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் பட்டா அவர் பெயருக்கு வந்துவிடும். தனியாக வாழும் பெண்களும் விதவைகளும்கூட மனுப் போடலாம், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

சரி, வீடு கட்ட வேண்டுமே. நெப்ராஸ்கா, கன்சாஸ் மாநிலங்களின் சமவெளியில் போய் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான், மரம் ஆற்றோரத்தில் ஏதோ கொஞ்சம். அதனால் புல்லையே வீடாக்கினார்கள். வேர்கள் பின்னிக் கிடக்கும் மேல்மண்ணை ஏரால் நீளப் பட்டைகளாகக் கிளப்பி, மண்வெட்டியால் துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் மாதிரி அடுக்கினார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம். கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு, அதெல்லாம் உண்மைதான், ஆனால் கூரையும் அதே மண் என்பதால் வெளியே மழை விட்ட பிறகும் வீட்டுக்குள் மழை விடாது. மண்ணும் பூச்சியும் சில சமயம் பாம்பும் மேலிருந்து விழும், அதற்காகக் கூரைக்கடியில் துணியை இழுத்துக் கட்டி வைப்பார்கள். விறகுக்கும் வழியில்லை. காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள், நம் வறட்டி மாதிரி. இதையெல்லாம் சமாளித்து அந்த மண்வீட்டைத் துடைத்துப் பெருக்கி வைத்த பெண்களை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் இந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தார். ஒரு படத்தில் குடும்பமே வெட்டவெளியில், ஆடுமாடுகளுக்கு நடுவில், ஆர்கன் என்ற இசைப்பெட்டியைச் சுற்றி நிற்கிறது. அந்த வீட்டு அம்மாவுக்குத் தன் மண்வீடு படத்தில் விழுந்து ஊரில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதாம், ஆனால் தங்களிடம் ஆர்கன் இருப்பது தெரிய வேண்டுமாம். அதனால் அதை வாசலுக்கு இழுத்து வரச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு மானத்தோடு வாழ்ந்திருக்கிறார் பாருங்கள்!

1874 கோடையில் வெட்டுக்கிளிகள் வந்தன. தோட்டத்தைக் காப்பாற்றப் பெண்கள் போர்வைகளை எடுத்து மூடினார்கள், போர்வையையும் தின்றுவிட்டன. விளைச்சல் போய், பலர் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சும்மா கிடந்த நிலம் என்று சட்டம் பங்கிட்டதே, அது யாருமில்லாத நிலம் இல்லை. நெப்ராஸ்காவில் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த பானி என்ற பூர்வகுடி மக்கள் 1870களில்தான் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. கன்சாஸிலிருந்து ஒசேஜ் என்ற பூர்வகுடி மக்களும் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார்கள்.

அதே கன்சாஸில் 1877இல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் நிக்கோடிமஸ் என்ற ஊரை உருவாக்கினார்கள். முதல் பனிக்காலத்தில் பட்டினி கிடந்த அவர்களுக்கு வேட்டையிலிருந்து திரும்பிய ஒசேஜ் மக்கள் உணவு கொடுத்தார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் கென்டக்கியிலிருந்து வில்லியானா ஹிக்மன் என்ற பெண் கணவரோடும் குழந்தைகளோடும் வந்தார். வழியில் எல்லிஸ் என்ற ஊரில் தட்டம்மை கண்டு கூட வந்தவர்களின் குழந்தைகள் சிலர் இறந்துபோயிருந்தனர். ஒருவழியாக வந்து சேர்ந்ததும் ஊர் எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டார். கணவர் கைகாட்டிய பக்கம் தரைக்குள்ளிருந்து அங்கங்கே புகை வந்துகொண்டிருந்தது, மக்கள் குழி தோண்டிக் குடியிருந்தார்கள். அவர் அழுதுவிட்டார். ஆனாலும் அந்தக் குடும்பம் தங்கியது, கணவர் அங்கே பாப்டிஸ்ட் போதகராக இருந்தார். நிக்கோடிமஸ் இன்றும் இருக்கிறது.