உடையறதுக்குன்னே ஒரு பார்ட்டு! கோத்தகிரி ரைடும் ஆவாரம்பாளையம் பட்டறையும்

வணக்கம்ங்க மக்களே. இன்னிக்கு மியூசிக், ஸ்லோ மோசன் ஒண்ணும் கெடையாது. நேரா விசயத்துக்கு வந்தர்றேன், ஏன்னா ஒரு வாரமா வயித்தெரிச்சல்ல இருக்கறேன். இதோ, இதப் பாருங்க. ஃபோகஸ் ஆகுதா? ஆகல. சித்த பின்னால வச்சா... ஆங், இப்பத் தெரியுதுங்களா. சுண்டு வெரல் நீளந்தான். ரெண்டாப் போயிருக்குது. இதுக்குப் பேரு ஹேங்கர். சைக்கிள் ஃபிரேமுக்கும் பின்னாடி டிரெய்லருக்கும் நடுவுல... டிரெய்லர் இல்ல, டீரெய்லர். கியர் மாத்துறதுக்குத் தொங்கிட்டு இருக்குமே, அது. நம்ம டீம்ல யாருக்கும் அந்தப் பேரு வாயில நொழையாது, "வாலு"ன்னுதான் சொல்லுவோம். நானும் வாலுன்னே சொல்லிட்டுப் போறேன்.

இந்த வாலைத் தாங்கற துண்டு. வீட்ல சமையல் தராசுல வச்சுப் பாத்தேன், ரெண்டு துண்டும் சேத்து 22 கிராம். வெல எவ்வளவுங்கறீங்க? ஆன்லைன்ல 1,150 ரூவா, டெலிவரி 120 தனி. 1,270 ரூவாங்க! 22 கிராம் அலுமினியத்துக்கு! நாலு பேரு ஒட்டுக்கா உக்காந்து பிரியாணி தின்னுட்டு பீடாவும் போட்டுட்டு வரலாம். அதுவும் வர்றதுக்கு மூணு வாரம்னு போட்டிருக்கறான்.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். போன ஞாயித்துக்கெழம மவுன்டன் பைக் ஓட்டறதுக்குக் கோத்தகிரி போனோம். அதே நாலு பேருதான், உங்களுக்குத் தெரியும். நானு, பொட்டிக்கடை, லோ கியரு, அப்பறம் நம்ம புரொபசர், எல்லாம் கூட்டாளிங்களுக்கு நாங்க வச்ச பட்டப்பேருதான். காலைல நாலரைக்கு கோயமுத்தூர்ல கெளம்பி, காருக்குப் பின்னாடி ரேக்குல மூணு சைக்கிளு, உள்ள மடக்கி ஒண்ணு. "மேட்டுப்பாளையத்துல இருந்தே மிதிச்சு ஏறுங்கடா"ன்னு கீழ எழுதுவீங்க, தெரியும். அது முப்பது கிலோமீட்டருக்கு மேல மலையேத்தம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 மீட்டர் கிட்ட. ஒன்றரை கிலோமீட்டர் உசரம் தார் ரோட்டுல ஏறிட்டு, மேல போயி மண்ணுல ஓட்டறதுக்கு எங்க காலு என்ன தேக்குங்களா?

ஆங், இத விட்டுட்டேன். ஈ-பாஸ் எடுத்திருந்தோம். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வெளி வண்டி போகோணும்னா அது வேணும், சிரமமில்ல, போன்லயே எடுத்தர்லாம். செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பாப்பாங்க. பாத்தாங்க. பொட்டிக்கடை பையில சீலன்ட் பாட்டில் இருந்துச்சு. டியூப் இல்லாத டயருக்குள்ள ஊத்தறது, முள்ளு குத்துனா தானா அடச்சுக்கும். பாக்க அச்சு அசலா பாலு. "என்னப்பா இது, பாலா?"ன்னாரு அந்த ஐயா. பொட்டிக்கடை, "டயருக்கு ஊத்தற பாலுங்க"ன்னு சொல்றான்! இவனுக்கு வாய் வேற இருக்குது. அவரு மூடியத் தொறந்து மோந்து பாத்தாரு பாருங்க. அதுல அம்மோனியா வாடை தூக்கும். மூஞ்சிய அப்புடியே திருப்பிட்டு, "போங்க போங்க"ன்னு கையக் காட்டிட்டாரு.

ரைடு பத்திச் சொல்லணும்னா, அருமைங்க. தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஜீப்பு போற மண் தடம். எஸ்டேட் ரைட்டர்கிட்ட மொத நாளே கேட்டு, கொழுந்து பறிக்காத நாளாப் பாத்துப் போனோம். இத ஏன் சொல்றேன்னா, போன வீடியோ பாத்துட்டு ரெண்டு மூணு பேரு லாங்வுட் சோலைக்குள்ள ஓட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம்ங்க. அது காடு. பொழச்சிருக்கற கொஞ்ச சோலைல அதும் ஒண்ணு, அதுல போயி டயர் தடம் போட்டுக்கிட்டு. தோட்டத் தடமே நமக்கு ஏராளம். அங்கயே காட்டுமாடு நிக்குது. அன்னிக்கு நின்னுச்சு, ஏழு உருப்படி, சில்வர் ஓக் மரத்தடில. இருவது நிமிசம் சைக்கிளப் புடிச்சுட்டு செலை மாதிரி நின்னோம். லோ கியரு மட்டும் சுக்கு மிட்டாய் பேப்பரப் பிரிச்சுட்டே இருந்தான், சரக் சரக்குன்னு. அவனுக்கு ஏந்தான் லோ கியருன்னு பேரு வந்துச்சுன்னு கேக்காதீங்க, எதுலயுமே அவன் ஒரு நெதானம்.

டயர்ல காத்து 24 பிஎஸ்ஐ வச்சிருந்தேன். ரோட்டு சைக்கிள்காரங்க கேட்டா சிரிப்பாங்க, அவிங்க 80, 90 வப்பாங்க. மண்ணுல அப்புடி வச்சா கல்லுல பட்டு எகிறிக்கிட்டே இருக்கும், பிடிமானமே இருக்காது.

சரி, கதைக்கு வர்றேன். காட்டுமாடு தாண்டி ஒரு எறக்கம். நல்லா வேகம். ராத்திரி மழைல மரக்கெளை உழுந்து கெடந்திருக்குது, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு குச்சி. முன் சக்கரம் அத எத்தி விட்டுச்சு, அது நேராப் போயி வால்ல சொருகிச்சு, படக்! அவ்வளவுதான். பெடல் சுத்துது, வண்டி போவல. எறங்கிப் பாத்தா வாலு செயின்ல தொங்கிட்டு இருக்குது, ஆட்டுக் குடல் கடைல தொங்குற மாதிரி.

இப்ப நீங்க "நாங்க அப்பவே சொன்னோமே"ன்னு ஆரம்பிப்பீங்க. ஒத்துக்கறேன். மூணு வீடியோவா டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஒரு புண்ணியவான் "அண்ணா உங்க ஹேங்கர் வளஞ்சிருக்கு, நிமுத்துங்க"ன்னு எழுதியே போட்டிருந்தாரு. நான்தான் கேபிள் லூசுன்னு நெனச்சு அதையே திருகித் திருகிட்டு இருந்தேன். பொங்கல் சமயத்துல ஒரு வாட்டி வலப்பக்கமா உழுந்தேன்ல, அன்னிக்கே வளஞ்சிருக்கோணும். வளஞ்ச ஹேங்கர்ல கடைசி பெரிய பல்லுக்குப் போட்டா வாலு ஆரக்கம்பிய முத்தம் குடுக்கும். ஏற்கனவே நொந்து போன சாமான், குச்சி ஒரு சாக்கு.

அங்கிருந்து கோத்தகிரி 11 கிலோமீட்டர். தள்ளிட்டுப் போலாம்னு நான் பையத் தூக்கிட்டேன். அப்பத்தான் நம்ம பொட்டிக்கடை பைய எறக்கறான்.

அந்தப் பைய எத்தன வீடியோல ஓட்டியிருப்போம்! காய்கறிக் கடைத் தராசுல வச்சு 5.8 கிலோன்னு காமிச்சு, "இவன் ரைடு வர்றானா, சந்தைக்கு வர்றானா"ன்னு தம்ப்நெயிலே போட்டேனே. உள்ள ஊசி நூலு, பழைய டூத் பிரஷ், வெட்டுன டயர் துண்டு, கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர், கமர்கட்டு. அப்பறம் செயின் கட்டர். அத வெளிய எடுத்தான் பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சும்மா சொல்லல.

அவன் பண்ணுனது இதுதான். வாலக் கழட்டிட்டான். பின்னாடி நடுவாப்ல 21 பல்லுச் சக்கரம், முன்னாடி 32, இதுக்கு நேரா செயினப் போட்டு, மிச்சத்த வெட்டிட்டு, குவிக் லிங்க்னு, செயினோட ரெண்டு முனையையும் சேக்கற ஒரு கண்ணி, அதப் போட்டு மாட்டிட்டான். கியரே இல்லாத சைக்கிள் ஆயிருச்சு, பால்காரரு வண்டி மாதிரி. என்னுது ஹார்ட்டெயில், முன்னாடி மட்டுந்தான் சஸ்பென்சன், அதனால தப்பிச்சேன். புரொபசர் வண்டி மாதிரி பின்னாடியும் சஸ்பென்சன் இருந்தா அது அமுங்கறப்ப செயின் நீளம் பத்தாமப் போகும், இந்த வேல எடுபடாது. அவரு அத அங்கயே நின்னு பத்து நிமிசம் வெளக்குனாரு. அட்டை கால்ல ஏறிட்டிருக்குது, இவரு வெளக்கறாரு.

குவிக் லிங்க் சொல்ல மறந்துட்டேன். அவங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. மொதல்ல எடுத்தது 11 ஸ்பீடு, அதாவது பின்னாடி 11 கியர் இருக்கற வண்டிக்கு உண்டானது, நம்மளுது 12. சேரல. ரெண்டாவது சேந்துச்சு. அது இருவது ரூவா சாமான் மாதிரி இருக்கும், ஆனா அந்த நேரத்துல ஒரு பவுன் மதிப்பு. நீங்க வேற எதையும் எடுத்துட்டுப் போகாட்டியும் பரவால்ல, உங்க செயினுக்கு உண்டான லிங்க் ஒண்ண பர்ஸுக்குள்ள போட்டு வைங்க.

நிமுந்து ஓட்டுனனா? ஓட்டுனேன். ரெண்டு தடவ செயின் தானாப் பெரிய பல்லுக்கு ஏறிக்கிச்சு, வீணைக் கம்பியாட்ட டங்குன்னு இழுத்துக்கிச்சு. எறங்கி, கழட்டி, திரும்பப் போட்டு. ஏத்தத்துல நின்னுட்டே மிதிச்சேன், முட்டி இன்னிக்கும் பேசுது. ஆனா 11 கிலோமீட்டரும் ஓட்டியே வந்தேன், ஒரு எடத்துல மட்டும் எறங்கித் தள்ளுனேன். சரி, மூணு எடம்.

வழில புரொபசர் ஒண்ணு சொன்னாரு, எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. இந்த மவுன்டன் பைக்கே இப்புடி நாலு கூட்டாளிங்க வேலயத்துப் போயி ஆரம்பிச்சதுதானாம். கலிபோர்னியால மரின் கவுன்டின்னு ஒரு பக்கம். பசங்க பழைய இரும்புச் சைக்கிள்கள, நம்ம ஊர்ல பழைய பேப்பர்காரருக்குப் போடுவோமே அந்த மாதிரி, மலை மேல கொண்டு போயி எறக்கத்துல விட்டுருக்காங்க. 1976 அக்டோபர்ல அதையே பந்தயமா வச்சாங்க. ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல, 1,300 அடி எறக்கம். பிரேக்கு பின் சக்கரத்து ஹப்புக்குள்ள. கீழ வர்றதுக்குள்ள அது சூடாயி உள்ள இருக்கற கிரீஸ் பூராம் பொகையாப் போயிருமாம். ஒவ்வொரு எறக்கத்துக்கும் பிரிச்சு மறுக்கா கிரீஸ் அடைக்கோணும். அதனாலயே அந்தத் தடத்துக்கு ரீபேக்குன்னு பேரு. பாருங்க, அங்கயும் ஒருத்தன் பையில ஸ்பேனர் தூக்கிட்டுத்தான் போயிருப்பான். இருவது வருசத்துல, 1996 அட்லாண்டால, அது ஒலிம்பிக் போட்டி ஆயிருச்சு.

கோத்தகிரி வந்து டீ, வர்க்கி. வர்க்கி பத்தி ஏற்கனவே ஒரு வீடியோ போட்டாச்சு, டீல முக்கித் திங்கறவங்ககிட்ட எனக்குப் பேச்சே கெடையாது.

திங்கக்கெழமதான் உண்மையான ரோதனை. வண்டி வாங்குன கடைக்குப் போனேன், பேரு வேண்டாம். "ஹேங்கர் ஸ்டாக் இல்ல சார், ஃபிரேம் நம்பர் அனுப்புங்க, கேட்டுச் சொல்றோம்." சொல்லவே இல்ல. சைக்கிளுக்கு எழுவதாயிரம் வாங்கறப்ப காபி குடுத்தாங்க! கெரகம் என்னன்னா, இது ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம். நூத்துக்கணக்குல இருக்குது. சைக்கிள் பார்ட்டு செய்யற ஸ்ராம் கம்பெனிக்காரன் 2019ல யூடிஹெச், அதாவது யுனிவர்சல் டீரெய்லர் ஹேங்கர்ன்னு ஒரே அளவா ஒண்ணு கொண்டாந்து, யாரு வேணா உங்க ஃபிரேம்ல வச்சுக்கங்கன்னுட்டான். புதுசா வர்ற வண்டி நெறையத்துல அதுதான் இருக்குது. வாங்கப் போறீங்கன்னா மொதக் கேள்வியா அதக் கேளுங்க. கலர் எல்லாம் பொறவு. என்னுதுல இல்ல, அதான் இந்த அழுகை.

அப்பத்தான் மண்டைல ஒறச்சுது. டேய், நாம இருக்கறது கோயமுத்தூரு! பம்பு செய்யற ஊரு, மோட்டார் செய்யற ஊரு, சுண்டு வெரல் தண்டி அலுமினியத்துக்கு மூணு வாரம் காத்திருக்கறதா? உடஞ்ச ரெண்டையும் எடுத்துட்டு ஆவாரம்பாளையம் போயிட்டேன். ஒரு சின்னப் பட்டறை, ஒரு லேத்து, ஒரு மில்லிங் மிஷின், சாமி படத்துக்கு மல்லிகைப்பூ. அங்க ஒரு அண்ணன், அறுவது வயசு இருக்கும். துண்ட வாங்கி, கண்ணாடியத் தூக்கிட்டு, வெர்னியர் வச்சு அளந்து, "எம்10, ஒரு எம்எம் பிட்ச்சு, ஃபைன் திரெட்டு. டேப் இருக்குது"ன்னாரு. மரையோட அளவச் சொல்றாரு, அந்த மரைய வெட்டற டேப்புங்கற கருவி அவருகிட்டயே இருக்குதாம். எனக்கு உசுரு வந்துச்சு.

அப்பறம் சொல்றாரு, "தம்பி, இத ஏன் அலுமினியத்துல போட்டிருக்கறான் மடயன்? நான் ஈஎன்8 ஸ்டீல்ல போட்டுத் தர்றேன். உங்க பேரன் காலத்துக்கும் உடையாது."

"அண்ணா, உடையோணும்ங்கண்ணா"ன்னேன்.

ஏற எறங்கப் பாத்தாருங்க. நான் வெளக்குறேன். இது கெட்டியா இருந்தா, குச்சி சொருகறப்ப வாலு உடையும். வாலும் கெட்டியா நின்னா ஃபிரேமே கிழியும். அதுக்குத்தான் இத பலம் கொறச்சலா வச்சிருக்கறாங்க, வீட்ல ஃபியூசு போற மாதிரி. அவரு, "நாப்பது வருசமா பட்டறை வச்சிருக்கறேன், உடையற மாதிரி செஞ்சு குடுன்னு ஒருத்தனும் வந்ததில்ல"ன்னாரு. "சரி, எஸ்எஸ்ல போடறேன்"ங்கறாரு மறுபடியும்! கால் மணி நேரம் கெஞ்சி அலுமினியத்துக்கு ஒத்துக்க வச்சேன். அதுலயும், "ரெண்டு எம்எம் தடிமன் சேத்துப் போடட்டா?"ன்னு கேட்டாரு. வேண்டாம்ங்கண்ணா. அதே அளவு. மூஞ்சில அப்புடி ஒரு வெசனம், கெட்ட வேலைக்குத் தொணை போற மாதிரி.

மறுநா சாயங்காலம் ரெடி. இதோ, இதுதான் புதுசு. ஓரத்த எப்புடி இழச்சிருக்கறாரு பாருங்க, ஒரிஜினல்ல இந்த நயம் கெடையாது. வெல? ஒண்ணு 350. மூணு போட்டேன், 1,050. ஆன்லைன்ல ஒண்ணு வாங்கற காசுல மூணுங்க! நான் இத வீட்ல சொன்னப்ப, "மூணு எதுக்கு?"ன்னு ஒரே கேள்வி. இந்தச் சந்தோசத்தப் புரிஞ்சுக்கற ஆளு வீட்ல இல்ல, அதான் உங்ககிட்ட சொல்றேன்.

நேத்து மாட்டி, ஆலாந்துறை பக்கம் இட்டேரில ஓட்டிப் பாத்தேன். பன்னெண்டு கியரும் வெண்ணெய். டிக்கு டிக்கு சத்தம் போயே போச்சு. ரெண்டாவது பீச பொட்டிக்கடை பையில போட்டாச்சு, இப்ப 5 கிலோ 822 கிராம்னு அவனே மெசேஜ் அனுப்பிச்சான்.

பட்டறை அண்ணன் இன்னிக்குக் காலைல போன் பண்ணுனாரு. "தம்பி, உடஞ்சுதா?" இன்னும் இல்லீங்கண்ணா. "பாத்துக்கங்க, மனசே ஆறல. ஈஎன்8 துண்டு ஒண்ணு எடுத்து வச்சிருக்கறேன், சும்மா வேணா ஒண்ணு போட்டுத் தரட்டா?"ங்கறாரு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம சரிங்கண்ணான்னுட்டேன். நாளைக்குப் போயி வாங்கோணும். பேட்டரி செவப்பு காட்டுது, வச்சர்றேனுங்க.