கொண்டல் மழையும் கூடத்து ஒழுக்கும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மயிலாடுதுறையில் இரண்டு கூட்டங்கள் சேரும். ஒன்று, காவிரித் துலாக் கட்டத்தில் நீராட வருகிறவர்களின் கூட்டம். மற்றொன்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒழுகும் இடத்துக்கு அடியில் வந்து சேரும் குண்டான், வாளி, அடுக்குப் பாத்திரங்களின் கூட்டம். முதல் கூட்டம் கார்த்திகை முதல் நாள் நடக்கும் முடவன் முழுக்கு நீராட்டத்தோடு கலைந்துவிடும். இரண்டாவது கூட்டம் பல ஆண்டுகளாக மார்கழி வரைக்கும் கலையாமல் இருந்தது. அது எப்படிக் கலைந்தது என்பதையும், அதில் ஒரு சிறுமியின் பொழுதுபோக்குக்கு என்ன பங்கு இருந்தது என்பதையும் இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. திண்ணையும் கூடமும் சீமை ஓடு வேய்ந்த பழைய பகுதி. மங்களூர் ஓடு என்றும் அதைச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த கிறித்தவ மிஷன் 1865-ஆம் ஆண்டு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னர்தான் இந்த வகை ஓடு தென்னாட்டு வீடுகளுக்குப் பரவியது. நாட்டு ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்குவார்கள். குரங்கு ஓடினாலும் பூனை நடந்தாலும் அது நகர்ந்துவிடும். சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் என்ற மரச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் மூக்கும், ஓரங்களில் பக்கத்து ஓட்டோடு கவ்விக்கொள்ளும் காடியும் இருப்பதால் அது எளிதில் நகராது. கூடத்துக்கு மேற்கே உள்ள சமையலறை பிற்காலத்தில் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டியது. அதன் சுவர் ஓட்டுக் கூரையின் மேற்கு ஓரத்தை ஒட்டி, கூரையைவிட ஆளுயரம் மேலே எழும்பி நிற்கும். இந்தச் சுவரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வீட்டில் நான், ஏழாம் வகுப்பில் அப்போது படித்துக்கொண்டிருந்த என் மகள், என் மாமனார் ஆகிய மூவரும் இருக்கிறோம். என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் இரு முறை வந்து போவார். ஆகையால் வீட்டுப் பழுது பார்க்கும் பொறுப்பு முழுவதும் என்னுடையது. நான் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. ஏணியில் ஏறுவதற்குக் கணிதம் உதவாது என்று மாமனார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மழைக்காலத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறாரா என்று பார்ப்பது மாணவர்களின் வழக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசிரியர்களும் அதே அறிவிப்புக்காகத்தான் தொலைக்காட்சியின் முன் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இன்று வானொலியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விட்ட நாளுக்கு ஈடாகப் பிறகு சனிக்கிழமைகளில் பள்ளி நடத்த வேண்டி வரும் என்பது அந்த நேரத்தில் எங்களுக்கும் நினைவுக்கு வருவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்படி ஒரு காலையில் விடுமுறை அறிவிப்பு வரவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இவ்வளவு மழைக்கு லீவு இல்லையாம்மா?" என்று மகள் கேட்டாள். "எவ்வளவு மழை என்று உனக்குத் தெரியுமா?" என்று, நானும் ஏமாற்றத்தில் இருந்ததால், சற்றுக் கடுப்பாகவே கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை அவள் விடவில்லை.

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வாய் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு புனல், ஒரு லிட்டர் புட்டி, மில்லிலிட்டர் கோடு போட்ட மருந்துக் குவளை ஆகிய மூன்றும் போதும். புனலின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர் என்றால் அதன் வாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் புட்டியில் 78.5 மில்லிலிட்டர் நீர் சேர்ந்திருக்கும். வட்டத்தின் பரப்பை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். சொந்தப் பயனுக்காக ஒரு பிள்ளை அதைக் கணக்கிட்டதை நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. புட்டியை முதலில் தென்னை மரத்தடியில் வைத்தாள். மழை நின்ற பிறகும் மட்டையிலிருந்து சொட்டிய நீர் கணக்கைக் கெடுத்தது. பிறகு கொல்லையின் நடுவில், மரமும் சுவரும் நெருங்காத இடத்தில், மண்ணில் பாதி புதைத்து வைத்தோம். வானிலைத் துறையின் மழை நாள் காலை எட்டரை மணிக்குத் தொடங்கி மறுநாள் எட்டரை மணிக்கு முடிகிறது. பள்ளி மணி அதற்கு முன்பே அடித்துவிடும் என்பதால், எங்கள் வீட்டு மழை நாள் ஏழே முக்காலுக்கு முடிந்தது.

முந்தைய ஆண்டு, 2022 நவம்பரில், எங்கள் மாவட்டத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. அந்த மழையை நம் புட்டி தாங்குமா என்று அவள் கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர் வந்தது. நம் புட்டி பதின்மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே நிரம்பி வழிந்துவிடும் என்று தெரிந்ததும், புட்டியைவிட மழையின் மீது அவளுக்கு மரியாதை கூடிற்று.

மாமனாருக்கு இந்த ஏற்பாட்டில் தொடக்கத்தில் நம்பிக்கை இல்லை. அவருடைய மழைமானி கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல். காலையில் எழுந்ததும் அதன் குழியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பார்த்து, "ஓர் உழவு மழை", "அரை உழவுகூட இல்லை" என்று சொல்வார். ஆட்டுக்கல் குழி அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால், சிறு மழையைப் பெரிதாகவும் பெரு மழையைச் சிறிதாகவும் அது காட்டும் என்று பேத்தி அவருக்கு விளக்கினாள். "உழுகிறவனுக்கு ஏர் இறங்குமா என்பதுதானே கணக்கு, அதற்கு உன் மில்லிமீட்டர் எதற்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. வறண்டு கிடக்கும் மண்ணில் இருபது மில்லிமீட்டரும், ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில் இருபது மில்லிமீட்டரும் ஏருக்கு ஒன்றல்ல. நாளடைவில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இரவு பெய்த மழை எவ்வளவு என்று தாத்தா படுக்கையிலிருந்தபடியே ஒரு மதிப்புச் சொல்ல வேண்டும், அவள் புட்டியை எடுத்துவந்து சரிபார்க்க வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் அவர் ஐந்து மில்லிமீட்டருக்குள் சொல்லத் தொடங்கிவிட்டார். ஓட்டின் மேல் விழும் சத்தத்தை எழுபது ஆண்டுகள் கேட்ட காது அது.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, மழை அளவு ஆகிய இரண்டு பத்திகளே முதலில் இருந்தன. மூன்றாவதாகக் 'காற்று' என்ற பத்தியைச் சேர்க்கச் சொன்னவர் மாமனார். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கே என்றால் கோடை, தெற்கே என்றால் தென்றல் என்று நம் மொழியில் காற்றுக்குத் திசைதோறும் பெயர் இருக்கும்போது, மழையை மட்டும் எழுதிக் காற்றை விட்டுவிடுவது குறை என்பது அவர் எண்ணம். இரவில் அடித்த காற்றின் திசை காலையில் எப்படித் தெரியும்? திண்ணையின் சுவர் நனைந்திருந்தால் கொண்டல், வடக்குச் சுவர் நனைந்திருந்தால் வாடை, இரண்டும் காய்ந்திருந்தால் நேர்மழை என்று எழுதினார்கள். நான்காவது பத்தியை நான் சேர்த்தேன். அதன் தலைப்பு 'வாளி'.

வாளி என்பது கூடத்து ஒழுக்குக்கு அடியில் வைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் வாளி. அந்த ஒழுக்கை அடைக்க நான்கு ஆண்டுகளில் மூன்று முறை ஆள் வைத்துவிட்டேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும், எந்த இடத்தில் சொட்டுகிறதோ அதற்கு நேர்மேலே உள்ள ஓடுகளைப் பிரித்து, புதிய ஓடு மாற்றி, கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பின் பெய்த முதல் மழையில் ஒழுகாது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பத்து நாள் கழித்து மீண்டும் அதே இடத்தில் சொட்டும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, எங்கள் கூடத்தில் தூவானமும் விட்ட பிறகு ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அங்கேதான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024-ஆம் ஆண்டு கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வினாத்தாள் திருத்தும் வேலையைத் தள்ளிப்போடுவதற்காக, மகளின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஓர் இரவில் 61 மில்லிமீட்டர் மழை, வாளியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வேறொரு நாள் வெறும் 9 மில்லிமீட்டர், வாளியில் கால்வாசி. இது எப்படி என்று நாலு பக்கம் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். வாளியில் நீர் இருந்த நாள்களில் எல்லாம் காற்றுப் பத்தியில் 'கொண்டல்' என்று இருந்தது. நேர்மழையிலும் வாடையிலும் வாளி காய்ந்து கிடந்தது. ஓட்டில் விரிசல் இருந்தால் எந்த மழைக்கும் ஒழுக வேண்டும், அதிலும் அறுபது மில்லிமீட்டருக்கு ஆறாக ஓட வேண்டும். கிழக்குக் காற்றுக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால், கிழக்குக் காற்றில் மட்டும் நனைகிற ஏதோ ஒன்றின் வழியாகத்தான் நீர் வருகிறது. மாமனாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மேலே ஓட்டைப் பார்க்காதேம்மா, சுவரைப் பார்" என்றார்.

சமையலறைச் சுவர்தான். கூரைக்கு மேலே ஆளுயரம் எழும்பி, கிழக்கு முகமாக நிற்கும் சுவர். நேராக விழும் மழை அதில் படுவதில்லை. கொண்டல் அடித்தால் மழை முழுவதும் அந்தச் சுவரில் மோதி வழிந்து, ஓடும் சுவரும் சேரும் இடத்துக்கு வருகிறது. அந்த இடுக்கைச் சமையலறை கட்டிய காலத்திலேயே சிமெண்டுக் கலவையால் பூசி அடைத்திருந்தார்கள். ஏறிப் பார்த்தபோது பூச்சு உடையாமல்தான் தெரிந்தது. நகத்தை வைத்துப் பார்த்த பிறகுதான், சுவரை ஒட்டி நூல் பருமனுக்கு ஒரு பிளவு நெடுகிலும் இருப்பது தெரிந்தது. வெயிலிலும் ஈரத்திலும் மரச் சட்டங்கள் விரிந்து சுருங்கும், அவற்றின் மேல் கிடக்கும் ஓடும் கூடவே அசையும். செங்கல் சுவர் அப்படி அசையாது. அசைவதையும் அசையாததையும் இறுகிப்போகும் பூச்சால் ஒட்டினால், பூச்சு ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சுவரோரம் இறங்கும் நீர் அங்கேயே சொட்டாமல், ஏழடி தள்ளிக் கூடத்தின் நடுவில் சொட்டுவது ஏன் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதை மழைக்குக் காத்திராமல் சோதித்துப் பார்த்தோம். வெயில் அடித்த ஒரு நாள், நான் சமையலறைத் தளத்தில் நின்று சுவரின் மீது குடத்து நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினேன். மகள் கூடத்தில் ஸ்டூல் மேல் நின்று டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் இருவருக்கும் நடுவில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது நிமிடத்தில், "அம்மா, ரீப்பர் மேலே பாம்பு மாதிரி வருது!" என்று அவள் கத்தினாள். பாம்பு என்ற சொல்லை மட்டும் கேட்டு எதிர்வீட்டுப் பெரியம்மா கையில் கம்போடு வந்துவிட்டார். பழைய ரீப்பர் நடுவில் சற்றுத் தொய்ந்திருந்தது. சுவரோரம் அதன் மேல் விழுந்த நீர், தொய்வை நோக்கி மரத்தின் முதுகிலேயே நகர்ந்து, மிகத் தாழ்ந்த இடத்தை அடைந்த பிறகுதான் கீழே விழுந்தது. மரம் முதலில் குடித்து, நிறைந்த பிறகே சொட்டியது. மழை விட்ட பின்னும் ஒரு மணி நேரம் அது சொட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவே. பணியாளர்கள் பிரித்து மாற்றிய ஓடுகள் அனைத்தும் ஒரு குற்றமும் செய்யாதவை.

பழுது பார்த்தது ஒரு நாள் வேலைதான். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கூரைக்கு அரை அடி மேலே சுவரில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டச் சொன்னேன். தகரத் தகட்டை மடித்து, ஒரு விளிம்பைக் காடிக்குள் செருகிப் பூசி, மறு விளிம்பு ஓட்டின் மேல் தொங்கும்படி விட்டோம். தகடு சுவரோடுதான் பிணைந்திருக்கிறது, ஓட்டோடு ஒட்டவில்லை. ஓடு அதன் அடியில் தன் இஷ்டத்துக்கு அசையலாம். வந்த கொத்தனாருக்குத் தகட்டின் மேல் கொஞ்சம் சிமெண்டும் பூசிவிட்டால் உறுதியாக இருக்கும் என்று தோன்றியது. அவரைத் தடுப்பதற்குத்தான் வேலை செய்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

அடுத்த கொண்டல் மழை மார்கழி முதல் வாரத்தில் வந்தது. இரவு பதினொரு மணிக்கு ஓட்டின் மேல் சத்தம் கேட்டதும், மாமனார் எழுந்து வந்து கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. நானும் அரைகுறைத் தூக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டே கிடந்தேன். காலையில் மகள் புட்டியை எடுத்துவரும் முன்பே அவர் "பதினெட்டு" என்றார். அளந்தபோது பத்தொன்பது. திண்ணைச் சுவர் தொப்பலாக நனைந்திருந்தது. நான்காவது பத்தியில் அவள் ஒரு சிறு கோடு இழுத்தாள்.

தொய்ந்த ரீப்பரையும், நீர் குடித்து உளுத்துப்போன அதன் பக்கத்துச் சட்டத்தையும் தை மாதம் வெயில் பார்த்து மாற்றினோம். நீல வாளி கிணற்றடிக்குப் போய்விட்டது. நோட்டில் அந்தப் பத்தி மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, இன்னும் இரண்டு ஐப்பசி போகட்டும் என்று தாத்தாவும் பேத்தியும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

வணக்கம்.