முல்லைத்தீவுக் கடலில் பிள்ளைகளோடு இறங்க முதல்

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவுக் கரையில் நின்றுதான் கதைக்கிறேன். பின்னால் தெரிகிறார்கள் பாருங்கள், அம்மா, மாமி, அக்காவின் பிள்ளைகள். விடியவே மாங்குளத்தால் வெளிக்கிட்டு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டி வந்தோம். ஏ34 வீதியில் 50 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். சரி, நேரே கடலுக்கு வருவோம்.

கமராவைக் கீழே பிடிக்கிறேன். இது அடம்பன் கொடி, ஊதாப் பூவோடு எவ்வளவு வடிவாகப் படர்ந்து கிடக்கிறது பாருங்கள். இதைப் பிடுங்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், காற்று அள்ளிப் போகாமல் மணலைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொடிதான். இங்கே ஒரு நண்டு வளை. நண்டு அள்ளி எறிந்த மணல் வாசலில் ஒரு பக்கமாகப் பரந்து கிடக்கிறது. சின்னவள் குந்தியிருந்து காவல் பார்க்கிறாள், அது வெளியே வருவதாக இல்லை.

இனி அங்கே பாருங்கள், கரைவலை இழுக்கிறார்கள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் வலையை ஏற்றிப் போய், கடலில் வளைத்து இறக்கி, மற்றக் கயிற்றோடு கரைக்குத் திரும்புவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இந்த அண்ணையின் காலைப் பாருங்கள். செருப்பில்லை. குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, பின்னுக்குப் பின்னுக்கே அடி வைக்கிறார். பின்னால் என்ன கிடக்கிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் மீன் சேர்ந்து கிடக்கிற வலைப் பை, அதுதான் மடி, கரையேறும். இன்றைக்குச் சூடையும் காரலும்தான் கூட. மாமி அதிலேயே ஒரு பை வாங்கிவிட்டார், இரவைக்குத் தீயல் வைக்கப் போகிறாராம்.

நான் இதை இவ்வளவு நேரம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் பொழுதுபோக்க வருகிற இந்தக் கரை இவர்களுக்குத் தொழில் செய்கிற இடம். எனக்கு மனம் கொதிக்கிற விஷயம் ஒன்று, போத்தல். குடித்துவிட்டு உடைத்துப் போடுகிறார்கள், மணல் மூடிவிடுகிறது. பின்னுக்கு நடந்து வருகிற அந்தக் குதிக்கால் அதன்மேல்தான் விழும். கொண்டு வந்த போத்தலையும் சாப்பாடு சுற்றி வந்த லஞ்ச் சீற்றையும் திரும்பக் கொண்டு போவதற்கு என்ன கஷ்டம்? வாகனத்தில் ஒரு உரப்பை போட்டு வந்தால் போதும்.

அடுத்தது, கடலில் இறங்க முதல் இவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். நாங்கள் அந்தப் பக்கம்தான் இறங்கப் பார்த்தோம், அங்கே அலை குறைவாகத் தெரிந்தது. ஒரு ஐயா கையைக் காட்டிக் கூப்பிட்டார், “அதுக்குள்ள வேண்டாம், இழுக்கும். பிள்ளையள இஞ்சால இறக்குங்கோ.” அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு பக்கமும் நுரை அடிக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலை உடையாமல் இருட்டாகக் கிடந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அதாலேதான் திரும்பக் கடலுக்கு ஓடுகிறது. அமைதியாகத் தெரிகிற இடமே ஆபத்தான இடம். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை மட்டும் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, அந்த நாளில் இங்கே குளிக்கிற கதையே வேண்டாம். பங்குனிக்குப் பிறகு கடல் படியும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும், ஆனால் அந்தக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. பிள்ளைகளின் பந்தோ காற்றடித்த ரியூப்போ கையை விட்டால் வெளியேதான் போகும். போனால் போகட்டும், பின்னால் நீந்திப் போகாதீர்கள். மழைக் காலத்தில் வட்டுவாகல் பக்கம் நந்திக்கடல் களப்பு கடலோடு கலக்கிற முகத்துவாரம் திறந்திருந்தால், அந்த வாயருகே காலே வைக்க வேண்டாம்.

அம்மா தண்ணீரில் இறங்கவில்லை, சேலை நனையாத தூரத்தில் நிற்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊருக்குச் செய்ததை அவர் வயது ஆட்கள் மறக்க மாட்டார்கள். “வாங்கோ அம்மா” என்று நான் வற்புறுத்தவில்லை, நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களை வற்புறுத்தாதீர்கள். அதே அம்மாதான் சிலாவத்தைப் பக்கம் கைகூப்பிக் கும்பிட்டார். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு அங்கேதான் கடல் தீர்த்தம் எடுப்பார்கள். அந்த உப்புத் தண்ணீரில்தான் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரியும். எங்களுக்கு இந்தக் கடல் பயமும்தான், கும்பிடுகிற இடமும்தான்.

வெயில் ஏற முதல் சாப்பிடப் போகிறோம், புட்டும் மாம்பழமும் கட்டி வந்திருக்கிறோம். அப்புறம், நிழல் குறைவு, குடிக்கிற தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள்.

அளம்பில், செம்மலை, நாயாறு பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், சின்னப் பிள்ளைகள் இறங்கக்கூடிய இடம் எது, எந்த மாதம் நல்லது என்று கீழே எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம்தான் வருகிறோம்.