இராவணனுக்கு எத்தனை இடக்கை?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். "இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவது பெற்றோரின் கடமையா, கொடுமையா?" இதுதான் தலைப்பு. கொடுமை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ரீச்சர், இடக்கை எங்கள் மண்ணுக்கு ஆகாது என்றார். எந்த மண், ரீச்சர்? கோணேசர் கோயிலுக்குப் போகிற நாம் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. வெட்டியவனுக்கு 20 கை. அதில் 10 இடக்கை. அந்தப் பத்தையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா மலையை வெட்டினான்? உள்ளே இருக்கிற சிவன் உமைக்குக் கொடுத்தது இடப்பாகம். நடராசர் தூக்கியதும் இடது பாதம். (மதுரையில் கால் மாறி ஆடினாரே என்று ரீச்சர் மடக்குவார். மாறி ஆடியதால்தானே அதற்குத் தனிக் கதை!)

சரி, கடவுளை விட்டுக் கத்தரிக்கோலுக்கு வருவோம். நான் தையல்காரி, எனக்குத் தெரிந்தது அதுதான். கடையில் சாதாரணமாக விற்பது வலக்கைக்குச் செய்தது. வலக்கையால் பிடித்தால், விரல்கள் கொடுக்கிற அழுத்தத்தில் இரண்டு அலகும் உரசிக்கொண்டு துணியை வெட்டும். இடக்கைக்கு மாற்றினால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். துணி நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, மேல் அலகு சோக்குக் கோட்டை மறைக்கும். தொழில் பழகிய காலத்தில் ஒரு பட்டுத் துணியை இப்படித்தான் கடித்துக் குதறினேன். "உன் கை சரியில்லை" என்றார்கள். கத்தரிக்கோலை யாரும் குறை சொல்லவில்லை. இடக்கைக்கென்றே கத்தரிக்கோல் செய்கிறார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால் மாற்றலாமாம். பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள், வயிற்றில் விரல் சூப்பியதை ஸ்கானில் பார்த்துவைத்த 75 பிள்ளைகளை, அவர்கள் 10 வயதைத் தொட்ட பிறகு தேடிப் பார்த்தார்கள். 2005இல் வெளியிட்டார்கள். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர். மிச்சம் 5 பேரை ரீச்சர் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பத்துப் பேரையும் வயிற்றுக்குள் போய்ப் பழக்கியது யார்?

உலகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கை. இலத்தீனில் இடதுக்கு இருந்த 'சினிஸ்டர்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கேடு என்றாயிற்று. நாமும் 'இடக்குப் பண்ணாதே' என்கிறோம். ஆனால் 2001இல் கொழும்பில் சமிந்த வாஸ் இடக்கையால் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்து ஸிம்பாப்வேயை 38இல் சுருட்டியபோது, 'பீச்சைக்கை' என்று யார் முகம் சுளித்தார்?

சாப்பாட்டுக் கை வேறு, கழுவுகிற கை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் சோற்றை வலக்கையால்தான் பிசைகிறேன். அதற்காகப் பென்சிலையும் பிடுங்குவதா? "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தக் கையாலயா தேத்தண்ணி குடுப்பாய்?" என்று அம்மம்மா கேட்பார். பள்ளியில் அடிமட்டத்தால் மொளியில் விழும். எழுத்து வலக்கைக்குப் போனது. கோழி கிண்டினதுபோல இன்றைக்கும் அப்படியே. பேச்சுக் குறிப்பை நடுவருக்குக் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

என் மகளும் இடக்கை. வகுப்பில் அவளை வாங்கின் இடது ஓரத்தில் இருத்தச் சொன்னேன். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. ஒரு சதமும் செலவில்லை.

மணி அடிக்கிறது. இறங்குகிறேன்.