அடிவானத்தில் இருந்து வந்த நியூட்ரினோ

[காட்சி: இருண்ட கடலடி, செங்குத்தாக நிற்கும் வடங்கள்]

சிசிலித் தீவுக்கு அருகே, மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 3,450 மீட்டர் ஆழத்தில், ஆர்க்கா என்னும் நியூட்ரினோ தொலைநோக்கி நிற்கிறது. நியூட்ரினோ என்பது மின்னூட்டமற்ற நுண்துகள்; காந்தப் புலங்களால் திசைமாறாமல் பிறந்த இடத்திலிருந்து நேராக வருகிறது. ஆனால் அது அணுக்களோடு மிக அரிதாகவே மோதும் என்பதால், அதைப் பிடிக்க ஒரு கன கிலோமீட்டர் அளவுக்குத் தெளிந்த, இருண்ட நீர் தேவைப்படுகிறது.

அவ்வாறு மோதும்போது சில வேளைகளில் மியூவான் என்னும் துகள் பிறக்கிறது. நீரில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி மியூவான் பாய்வதால், அதன் பாதை நெடுகிலும் செரன்கோவ் ஒளி எனப்படும் மங்கிய நீல ஒளி கூம்பாக விரிகிறது.

[காட்சி: கண்ணாடிக் கோளம், அண்மையில்]

சுமார் 43 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்தக் கோளத்துக்குள் மிக மங்கிய ஒளியையும் உணரும் 31 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் எல்லாத் திசைகளையும் நோக்கியிருக்கின்றன. இத்தகைய 18 கோளங்கள் கோக்கப்பட்ட, ஏறத்தாழ 700 மீட்டர் உயரமுள்ள வடம் அடியில் நங்கூரத்தாலும் உச்சியில் மிதவையாலும் நிமிர்ந்து நிற்கிறது. நீரோட்டத்தில் வடம் சாய்ந்தாடுவதால், கோளங்களின் இருப்பிடம் ஒலியலைகளைக் கொண்டு ஓயாமல் அளக்கப்படுகிறது. ஒளி எந்தக் கோளத்தை எந்த நானோநொடியில் தொட்டது என்பதிலிருந்துதான் துகளின் திசையைக் கணிக்கிறார்கள். உப்புநீரிலுள்ள கதிரியக்கத் தனிமமான பொட்டாசியம்-40 சிதையும்போதும் ஆழ்கடல் உயிரினங்கள் ஒளிரும்போதும் குழாய்கள் தூண்டப்படும்; ஆயினும் அந்த ஒளித் துளிகள் ஒரு நேர்கோட்டுப் பாதையில் பொருந்துவதில்லை.

உண்மையான தொல்லை, வளிமண்டலத்தில் பிறந்து மேலிருந்து பொழியும் மியூவான்கள்தாம். அவற்றைப் பூமி முழுவதுமாக வடிகட்டிவிடும் என்பதால், கீழிருந்து வரும் நியூட்ரினோக்களைத் தேடுவதே வழக்கம். ஆற்றல் மிக உயரும்போதோ நியூட்ரினோவையே பூமி மறித்துவிடுகிறது. எனவே பார்க்க வேண்டிய திசை அடிவானம்தான்.

[காட்சி: வடங்களைக் குறுக்கே கடக்கும் ஒளிக்கோடு]

2023 பிப்ரவரி 13 அன்று, 21 வடங்களே இயங்கிய நிலையில், அடிவானத்துக்கு 0.6 பாகை மேலிருந்து ஒரு மியூவான் வந்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட உணரிகளைத் தூண்டியது. அதைத் தோற்றுவித்த நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 220 பீட்டா (ஆயிரம் லட்சம் கோடி) எலக்ட்ரான் வோல்ட் என மதிப்பிட்டுள்ளனர். இது ஐரோப்பிய ஆய்வு மையமான செர்னின் துகள் மோதுகலனில் ஒரு புரோட்டான் பெறும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அந்தத் திசையில் நூறு கிலோமீட்டருக்கும் மேலான பாறையும் நீரும் குறுக்கிடுவதால், வளிமண்டல மியூவான் எதுவும் அங்கிருந்து உயிர்தப்பி வந்திருக்க இயலாது.

2025 பிப்ரவரியில் வெளியான இக்கண்டுபிடிப்பில் ஓர் இடறலும் உண்டு. இதைவிடப் பெரிய, நீண்டகாலமாக இயங்கும் தென்துருவ நியூட்ரினோ தொலைநோக்கியான ஐஸ்கியூப் இந்த ஆற்றலில் எதையும் கண்டதில்லை. ஒரே நிகழ்வை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆர்க்காவை 230 வடங்களாக விரிவாக்கும் பணி தொடர்கிறது.