மணநாள் பொலிவைத் தருவது உணவே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, என் அணியின் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

“மணநாளில் முகம் பொலிவதற்கும் முடி செழிப்பதற்கும் பெரிதும் துணை நிற்பது உண்ணும் உணவா, அழகு நிலையச் சிகிச்சையா?” என்பது இன்றைய வழக்கு. உணவே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மூன்று கருத்துகளை முன்வைத்தார். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியில் தெரிகிற மாற்றத்தை எந்தக் கீரையும் தராது என்றார். நாள் குறித்த பிறகு கையில் இருப்பவை சில மாதங்கள்தான், உணவு பலன் தரும்வரை காத்திருக்க நேரம் ஏது என்று கேட்டார். உள்ளிருந்து ஊட்டம் வேண்டும் என்றால்கூட அதற்கு மாத்திரைகள் இருக்கின்றனவே என்று முடித்தார். மூன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வழக்கின் உயிர்நாடி அந்தக் காலக் கணக்கில்தான் இருக்கிறது.

நம் தோலின் மேலடுக்கு ஒருமுறை போர்த்தியதும் அப்படியே இருந்துவிடும் போர்வை அன்று. அதன் அடித்தளத்தில் பிறக்கும் செல்கள் மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, உயிரிழந்து, நம் கண்ணுக்குத் தெரியாமலேயே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இளம் வயதில் இந்தப் பயணம் முடிய ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. மூன்று மாதம் கழித்துத் திருமணம் என்றால், அன்று உற்றார் உறவினர் காணப்போகும் தோலின் மேற்பரப்பு இன்னும் பிறக்கவே இல்லை என்று பொருள். அது இனிமேல்தான் உருவாக வேண்டும், அதுவும் இன்று முதல் நாம் உண்பவற்றைக் கொண்டே உருவாக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நேரம் இல்லை என்று தோழி வருந்திய அதே மூன்று மாதங்களில் தோல் தன்னை இரண்டு முறையாவது முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

முடியின் கணக்கு இன்னும் நுட்பமானது. தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, பிறகு உதிர்கிறது. வளரும் காலத்திலும் மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. ஆனால் கடும் பட்டினி, கடும் காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு போன்ற நெருக்கடி ஒன்று நேரும்போது உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, முடியை உடல் கைவிடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த வேர்களில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடும். அந்த முடிகள் அன்றே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. டெலோஜன் எஃப்ளூவியம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குப் பெயர் சொல்வார்கள்.

நடுவர் அவர்களே, அந்தப் பெயரை நான் அறிவதற்கு முன்பே அதை என் வீட்டில் கண்டேன். என் அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானதும் மெலிய வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. காலையில் ஒரு கோப்பை பழச்சாறு, மதியம் சில வெள்ளரித் துண்டுகள், இரவில் ஒன்றும் இல்லை என்று நான்கு மாதங்கள் ஓடின. எடை குறைந்தது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கூந்தலுக்காக மாதம் இருமுறை அழகு நிலையம் சென்று, நீராவியும் களிம்பும் குறையின்றிச் செய்துகொண்டார். திருமணத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலை, அம்மா அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பின் பற்களில் சுற்றிக்கொண்டு வந்த முடியை அம்மா விரலால் உருவி, சுருட்டி, உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். அடுத்த வாரலில் அதே அளவு வந்தது. அதையும் மறைத்தார். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட அக்கா எதுவும் பேசவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். அந்தக் கைக்குள் இருந்தது நான்கு மாதப் பட்டினியின் கணக்கு. களிம்பு பூசியவர்களையும் நான் குறை சொல்லவில்லை. தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்ற கெரட்டின் புரத இழை. அதன் மீது எதைப் பூசினாலும் மென்மை கூடும், பளபளப்பு கூடும், ஆனால் இரத்தத்தால் ஊட்டம் பெறும் வேருக்கு அதனால் உணவு கிடைப்பதில்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல உடல்நலத்துடன் இருந்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு 24 வாரங்கள் அரைப் பட்டினி ஆய்வு ஒன்றை நடத்தினார். அவர்களுடைய எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அத்துடன் தோல் வறண்டு சொரசொரப்பானது, முடி உதிர்ந்தது, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. மணநாளுக்காகத் தம்மைப் பட்டினி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு மணமகளும், ஒவ்வொரு மணமகனும், அந்த ஆய்வின் சிறு பதிப்பைத் தம் உடலில் தாமே நடத்திக்கொள்கிறார்கள். மணமகனையும் சேர்த்தே சொல்கிறேன்; பொலிவு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை என்பதுபோல நாம் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இனி, ஒரு மணி நேரப் பொலிவைப் பற்றிச் சொல்கிறேன். ஃபேஷியல் முடிந்து எழும் முகம் பளிச்சென்று இருப்பது உண்மை. தேய்த்துவிடுவதாலும் ஆவியாலும் இரத்த ஓட்டம் சிறிது நேரம் கூடுகிறது. உதிரவேண்டிய செல்கள் அகன்று, ஈரம் ஏறிய மேற்பரப்பு ஒளியைச் சீராகத் திருப்பி அனுப்புகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செல்களுக்குக் கீழே இருப்பது வறண்ட, ஊட்டமற்ற தோலாக இருந்தால் சில நாள்களில் அதுவே மேலே வந்து நிற்கும். பொலிவு என்ற சொல்லுக்கு வெளுப்பு என்று பொருள் கொண்டு, கடைசி வாரத்தில் நிறம் மாற்றும் களிம்புகளைத் தேடுவோரும் இருக்கிறார்கள். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருந்ததனால்தான், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2020க்குப் பிறகு பாதரசம் கலந்த களிம்புகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் தடை விதித்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நஞ்சை ஒரு நாள் நிறத்துக்காக முகத்தில் பூசிக்கொள்வது நெஞ்சைப் பதறவைக்கிறது. எந்த நிறத் தோலுக்கும் அதற்கே உரிய பொலிவு உண்டு.

அந்தப் பொலிவு தட்டிலிருந்துதான் வருகிறது என்பதற்குச் சான்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 35 பேரின் உணவையும் தோலின் நிறத்தையும் 6 வாரங்கள் தொடர்ந்து கவனித்தபோது, காய்களும் பழங்களும் கூடுதலாக உண்டவர்களின் தோலில் மெல்லிய செம்மஞ்சள் சாயல் கூடியிருந்தது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் வகை நிறமிகளே அதற்குக் காரணம். அத்தகைய சாயலைப் பார்ப்பவர்கள் நலமான முகம் என்றும் அழகான முகம் என்றும் மதிப்பிட்டார்கள். முகப்பருவுக்கும் இதுபோன்ற சான்று உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முகப்பரு உள்ள 43 இளைஞர்களுள் ஒரு பிரிவினர் சர்க்கரையையும் வெள்ளை மாவுப் பண்டங்களையும் குறைத்து, புரதம் மிகுந்த, மெதுவாகச் செரிக்கும் உணவை 12 வாரங்கள் உண்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறும்போது இன்சுலினும் ஏறி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதே இதற்கு அடிப்படை.

வைட்டமின் சி இல்லாமல் தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் இழைகள் சரியாக முறுக்கேறாது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினார்கள். ஈறில் குருதி கசிவதும், தோலில் புள்ளி புள்ளியாக இரத்தம் கட்டுவதும், முடி திருகிச் சுருள்வதும் அந்த நோயின் அடையாளங்கள். எந்தப் பூச்சாலும் ஆற்ற முடியாத தோலை ஆற்றியவை பழங்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது இரும்புச்சத்தைப் பற்றித்தான். முடியின் வேரில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றுள் அடங்கும். அந்தப் பெருக்கத்துக்கு இரும்பு வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம், ஆணுக்கு 8 மில்லிகிராம் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. பெண்ணின் தேவை இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கிய ஒரு பெண்ணின் வெளிறிய உதட்டுக்கும் சோர்ந்த கண்ணுக்கும் ஃபேஷியல் என்ன செய்துவிட முடியும்? ஆகவே நாள் குறித்தவுடன் முதலில் செய்யவேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை. குறை இருந்தால் மருத்துவர் சொல்லும் சிகிச்சையோடு கீரை, பயறு வகைகள், இறைச்சி, மீன் என்று அவரவர் உண்பதைக் கூட்டிக்கொள்ளலாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் தயங்கித் தயங்கித்தான் ஏற்கும். உடன் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டால் ஏற்பது கூடும், உணவோடு தேநீரோ காபியோ குடித்தால் குறையும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. புரதமும் அதே அளவுக்கு முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது ஒரு நாளின் அடிப்படைத் தேவை. 55 கிலோ எடையுள்ளவருக்கு 44 கிராம். பழச்சாற்றிலும் வெள்ளரியிலும் அந்த 44 கிராம் எங்கிருந்து வரும்?

மாத்திரை இருக்கிறதே என்றார் தோழி. குறை இருப்பவருக்கு, அளவறிந்து கொடுக்கும்போது, மாத்திரை மருந்துதான். குறையே இல்லாதவர் விளம்பரத்தை நம்பி விழுங்கும்போது அதுவே கேடாக மாறலாம். முடிக்கு என்று விற்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமின் நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். விற்பனையில் உள்ள மாத்திரைகள் பலவற்றில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இந்த மிகை இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பிறழச் செய்யும் என்று 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. செலினியம் என்ற தாது மிகுந்தாலும் வைட்டமின் ஏ மிகுந்தாலும் முடி வளர்வதற்கு மாறாக உதிர்கிறது. அது மட்டும் அன்று. திருமணமாகி விரைவில் கருவுறக்கூடிய பெண் வைட்டமின் ஏ மாத்திரையை மிகையாக உட்கொண்டால் அது கருவைப் பாதிக்கும். அவர் மருத்துவரைக் கேட்டுக் கருவுறுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால், அது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அதை எந்த அழகு விளம்பரமும் நினைவூட்டுவதில்லை.

உணவு எல்லாவற்றையும் சாதிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தைராய்டு கோளாறோ, மரபு வழியான முடி உதிர்வோ, கடுமையான முகப்பருவோ இருந்தால் தோல் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். வெயிலிலிருந்து காக்கும் பூச்சும் உறக்கமும் வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் முகம் மின்னும் என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. தாகம் தீரக் குடித்தால் போதும். எதிரணியினர் மணநாளன்று செய்யும் ஒப்பனையையும் நான் வரவேற்கிறேன். ஆனால் நமக்கு முன் உள்ள கேள்வி, பெரிதும் துணை நிற்பது எது என்பதுதான்.

என் அக்காவின் நெற்றியோரத்தில் விரல் நுனி அளவுக்குப் புதிய முடி எழுந்து நின்றது, திருமணம் முடிந்து ஐந்தாம் மாதத்தில். இடையில் அவர் எந்த நிலையத்துக்கும் செல்லவில்லை. மூன்று வேளையும் பயறும் முட்டையும் கீரையும் பழமுமாக வயிறார உண்டார். மணநாள் புகைப்படத்தில் அந்த முடி இல்லை. அடுத்த ஆண்டு எடுத்த படத்தில் இருக்கிறது. இரண்டு படங்களும் எங்கள் வீட்டுச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. நடுவர் அவர்களே, அந்த இரண்டு படங்களையும் மனத்தில் கொண்டு தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.