கண்டெய்னர் டிரெய்லர் பேட்டரியில் ஓடுமா? எண்ணூர் சாலையில் நின்று ஒரு கணக்கு

வணக்கம் நண்பர்களே. எண்ணூர் விரைவுச் சாலையில் இருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பதெல்லாம் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள். சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "காருக்குச் சரி, கனரக லாரி பேட்டரியில் ஓடுமா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓடும். எந்த ரூட்டில், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஈஆக்ட்ரோஸ் 600 என்று ஒரு வண்டி. 621 யூனிட் பேட்டரி, 40 டன் மொத்த எடையோடு சுமார் 500 கிலோமீட்டர் போகும். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், சட்டம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேரம் என்றால் 360 கிலோமீட்டர்தான். ஓய்வு நேரத்திலேயே சார்ஜும் போட்டுக்கொள்ளலாம்.

நாடு முழுக்க ஓடுகிற நம்ம நேஷனல் பர்மிட் லாரிக்கு இது பொருந்தாது. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் டெல்லிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரிட்டர்ன் லோடு எந்த ஊருக்குக் கிடைக்கும் என்று கிளம்பும்போது தெரியாது. அப்புறம் எந்த ஊரில் சார்ஜரை நம்பிப் போவது? வேகமாக ஏற்ற 1 மெகாவாட் சார்ஜர் வேண்டும். பத்து லாரி சேர்ந்து நின்றால் 10 மெகாவாட், அதற்குத் தனி துணை மின்நிலையமே தேவைப்படும். அது இப்போதைக்கு நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் இந்தத் துறைமுக ஓட்டம் அப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வர 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 யூனிட் என்று தாராளமாகப் போட்டாலும் ஒரு நடைக்கு 200 யூனிட். அசோக் லேலண்டின் 55 டன் மின்சார டிராக்டரிலேயே (டிரெய்லரை இழுக்கிற முன்பக்க வண்டி) சுமார் 300 யூனிட் பேட்டரி இருக்கிறது. ஆக, ஓடுவதில் பிரச்சினை இல்லை.

இனி காசு. டீசல் வண்டி லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு 30 ரூபாய். மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றால் 20 ரூபாய். ஒரு நடைக்கு 1,000 ரூபாய் மிச்சம். வண்டி விலையோ டீசல் வண்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாக 50 லட்சம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே நடை, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 3 லட்சம்தான் தேறும், போட்ட காசை எடுக்க கிட்டத்தட்ட 17 வருஷம் ஆகும். மூன்று நடை அடித்தால் ஐந்தரை வருஷத்தில் எடுத்துவிடலாம்.

இப்போது கேமராவைத் திருப்புகிறேன், துறைமுக வாசலுக்குள் போகக் காத்திருக்கிற இந்த வரிசையைப் பாருங்கள். முன்னால் இருக்கிற வண்டி பத்தடி நகர்ந்து திரும்ப நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புகையைத் திருவொற்றியூர், காசிமேடு ஜனங்கள் தினமும் சுவாசிக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. மின்சார வண்டி என்றால் நிற்கும்போது புகையே கிடையாது. ஆனால் இதே வரிசைதான் மூன்று நடையை ஒரு நடையாக்கி, அந்த வண்டியை வாங்கவே விடாமல் செய்கிறது. பேட்டரி ஆராய்ச்சியை விட இந்தத் துறைமுக வாசல் நெரிசலைச் சரிசெய்வது அவசரம் என்பேன்.

மத்திய அரசு பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறது. பழைய டீசல் லாரியை ஸ்கிராப் செய்த சான்றிதழ் கட்டாயம். நல்ல திட்டம்தான். ஆனால் ஒற்றை லாரி வைத்துத் தவணை கட்டுகிறவருக்கு இது மட்டும் போதாது. பழைய மின்சார லாரிக்குச் சந்தையே இன்னும் உருவாகவில்லை, ஃபைனான்ஸ்காரர் யோசிக்கத்தானே செய்வார்? அதனால் நிலையான ஒப்பந்தம் உள்ள பெரிய கம்பெனிகள் முதலில் வாங்கட்டும். சார்ஜரை நெடுஞ்சாலையில் வைப்பதற்கு முன்னால் சி.எஃப்.எஸ். யார்டுகளுக்குள் (துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர்களை ஏற்றி இறக்கி வைக்கிற இடங்கள்) வைக்கட்டும், கண்டெய்னர் இறங்குகிற நேரத்தில் பேட்டரி ஏறிவிடும்.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நடை போகிறீர்கள், லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். நான் போட்ட எண்களை எடுத்துவிட்டு, உங்கள் எண்களை வைத்து அடுத்த வீடியோவில் இதே கணக்கைப் போடுகிறேன்.